உறைவிடமும் ஊராக்கமும்: அண்ணாமலை அரசர் வாழ்வில் சிதம்பரத்தின் கிழக்கு விரிவு

ஆய்வுச்சுருக்கம்

இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) கல்விக் கொடையாளர் என்றும் தமிழிசைப் புரவலர் என்றும் அறியப்படுபவர். ஓர் ஊரை உண்டாக்கியவர் என்ற நிலையில் அவர் வாழ்வு போதிய அளவு நோக்கப்படவில்லை. சிதம்பரத்தின் கிழக்கே அண்ணாமலைநகர் என்னும் குடியிருப்பு உருவான முறையை அவர் வாழ்க்கை வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இடத்தேர்வு, பழைய நகரோடு கொண்ட இடைவெளியும் உறவும், உறைவிடத்தைக் கல்வியின் உறுப்பாகக் கொண்டமை, பேணும் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்தமை ஆகிய நான்கும் அவ்வூரின் நிலைபேற்றுக்குக் காரணம் என்பதும், ஆற்றிடைத் தாழ்நிலத்தில் இன்று எழும் புதிய குடியிருப்புகளுக்கு இவை அளவுகோலாகும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

முன்னுரை

ஊர் அமைத்தல் தமிழ் மரபில் அறச்செயல்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. காடு கொன்று நாடாக்கியும் குளம் தொட்டும் குடிகளை நிலைநிறுத்திய மன்னரைச் சங்கப் பாடல்கள் புகழ்கின்றன. மதுரைக்காஞ்சி மதுரையின் தெருக்களையும் அங்காடிகளையும் விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாகப் பகுத்து, அவற்றின் இடையே நாளங்காடி அமைந்திருந்ததைச் சொல்கிறது. வாழுமிடம் எங்கே அமைய வேண்டும், தொழிலிடத்திற்கும் அதற்கும் என்ன உறவு இருக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று.

இருபதாம் நூற்றாண்டில் அரசரல்லாத ஒருவர் ஓர் ஊரை உண்டாக்கியதற்குத் தமிழகத்தில் தெளிவான சான்றாக அண்ணாமலைநகர் விளங்குகிறது. அங்கு எழுந்த பல்கலைக்கழகத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அப்பல்கலைக்கழகம் நிற்கும் ஊரின் வரலாறு அந்நூல்களில் பின்னணியாகவே இடம்பெறுகிறது. பின்னணியை முன்னே கொணர்ந்து நோக்கும்போது நிறுவியவரின் வாழ்வும் வேறொரு பொருள் பெறுகிறது.

கானாடுகாத்தான்: வாழிடப் பின்புலம்

அண்ணாமலைச் செட்டியார் 1881 செப்டம்பர் 30இல் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், சா. இராம. முத்தையா செட்டியாரின் மகனாகப் பிறந்தார். நகரத்தார் மரபில் வந்த அக்குடும்பம் கடல் கடந்த வட்டித்தொழிலாலும் வாணிகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டியது. அவர் தமையனார் இராமசாமி செட்டியார் இந்தியன் வங்கி 1907இல் தோன்றியபோது அதன் தொடக்க இயக்குநர்களுள் ஒருவராக இருந்தவர். சிதம்பரத்தில் அவர் பெயரால் வழங்கும் பள்ளி இன்றும் உள்ளது. எனவே சிதம்பரம் இக்குடும்பத்திற்கு அயலூர் அன்று. தில்லைக் கோயில் திருப்பணியில் நகரத்தார் கொண்டிருந்த ஈடுபாடும் அத்தொடர்பை உறுதிப்படுத்தியது.

அவர் பிறந்து வளர்ந்த சூழல் தனித்துக் கருதத்தக்கது. செட்டிநாட்டு ஊர்கள் நேர்கோட்டுத் தெருக்களால் ஆனவை. வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பவை. திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்னும் அடுக்கில் ஒவ்வொரு கட்டுக்கும் திறந்த முற்றம் உண்டு. முற்றத்தில் விழும் மழைநீர் வீணாகாமல் திரட்டப்படும். எஞ்சியது வடிந்து செல்லும். ஊரின் நீர்த்தேவைக்கு ஊருணி தோண்டப்பட்டு, அதில் வந்து சேரும் வரத்துக்கால்கள் காக்கப்பட்டன. வீட்டின் அடித்தளம் தெருமட்டத்தினும் உயர்ந்திருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபின் தங்கள் முன்னோர் பாண்டிநாட்டிற்கு வந்தனர் என்னும் நகரத்தாரின் மரபுச்செய்தியோடு இவ்வுயர்ந்த தளத்தை இணைத்துப் பேசுவது செட்டிநாட்டு வழக்கம். அச்செய்தியின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், வெள்ள நினைவு வீட்டின் வடிவில் நிலைத்தது என்னும் நம்பிக்கை அச்சமூகத்தில் வேரூன்றியிருந்தது.

இன்னொரு வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார் கிட்டங்கிகளில் ஒருங்கே தங்கினர். ஒரே கூரையின் கீழ்ப் பெட்டியடியும் படுக்கையும் உணவும் அமைந்தன. இளையோர் மூத்தோரின் அருகிலிருந்து தொழில் கற்றனர். யாத்திரைத் தலங்களில் நகர விடுதிகள் எழுந்தன. உடனுறைந்து கற்றலும் பொதுவில் தங்கலும் அண்ணாமலைச் செட்டியார் அறிந்த உலகின் இயல்புகளாக இருந்தன. உறைவிடப் பல்கலைக்கழகம் என்னும் கருத்தை அவர் ஏற்றமைக்கு மேனாட்டு முன்மாதிரிகள் மட்டுமல்லாமல் இவ்வழக்கமும் துணைநின்றது எனக் கருத இடமுண்டு.

கடலூரும் சிதம்பரமும்: அக்கால நகர்நிலை

தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராகக் கடலூர் விளங்கியது. சிதம்பரம் அம்மாவட்டத்தின் வட்டத் தலைநகர். இவ்விரு நகரங்களும் குடியிருப்பு வளர்ச்சியின் இருவேறு போக்குகளைக் காட்டின. 1690இல் ஆங்கிலேயக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பெற்றபின் கடலூரில் துறைமுகத்தைச் சார்ந்த பழைய நகர் ஒருபுறமும், அலுவலர் குடியிருப்பும் திடலும் அமைந்த மஞ்சக்குப்பம் மறுபுறமுமாக வளர்ந்தன. கோயிலைச் சூழ்ந்த திருப்பாதிரிப்புலியூர் மூன்றாவது பகுதியாயிற்று. 1866இல் கடலூர் நகராட்சி ஏற்பட்டபோது, கெடிலம் பாயும் நிலத்தில் வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தோன்றிய குடியிருப்புகளையே அது ஒரு நகராக ஆள வேண்டியிருந்தது.

சிதம்பரம் கோயிலை நடுவாகக் கொண்டது. தேரோடும் நான்கு வீதிகள் நகரின் எலும்புக்கூடு. அவ்வீதிகளின் அகலம் தேரின் அளவால் அமைந்தது. அதனால் அவை பிற்காலப் போக்குவரவுக்கும் இடந்தந்தன. சிவகங்கை, இளமையாக்கினார் கோயில் குளம், ஞானப்பிரகாசர் குளம், ஓமக்குளம் முதலிய நீர்நிலைகள் நீராடற்குரியனவாக மட்டுமன்றி மழைநீரின் தாங்கிடங்களாகவும் பயன்பட்டன. ஆயின் அந்நகர் விரிவடையப் புதிய இடம் வேண்டியிருந்தது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் பாய, கிழக்கே சில கல் தொலைவில் கழிமுகமும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் கடலும் அமைந்த தாழ்நிலத்தில் அது இருந்தது. சுற்றிலும் நெல்வயல்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவ்வயல்களே வெள்ளத்தின் வழியும் இருப்பும் ஆயின.

அக்காலத்தே நகரமைப்பு என்னும் துறை தமிழகத்தில் தலைகாட்டியது. இங்கிலாந்தில் எபனேசர் ஓவர்டு 1898இல் முன்வைத்த தோட்டநகர்க் கருத்து, 1903இல் லெட்ச்வொர்த்து என்னும் ஊராக வடிவெடுத்தது. நகரின் வசதியும் சிற்றூரின் காற்றும் ஒருங்கே வாய்க்கும் ஊர் என்பதே அக்கருத்தின் சாரம். பாட்ரிக் கெடிசு தம் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்கு வந்து, தென்னகத்துக் கோயில் நகரங்களின் அமைப்பைப் பாராட்டினார். எச். வி. இலாஞ்செசுட்டர் சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்து 1918இல் நூல் வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தம் முதல் கல்லூரியைத் தொடங்கினார். இரண்டிற்கும் நேர்த்தொடர்பு காட்டுவதற்கில்லை. ஒரே காலத்தின் இரு விளைவுகள் என்பதே பொருந்தும்.

மீனாட்சிக் கல்லூரி முதல் பல்கலைக்கழகம் வரை

1920இல் தோன்றிய ஸ்ரீ மீனாட்சிக் கல்லூரிக்குக் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி முதல்வராகப் பணியாற்றினார். 1924இல் மீனாட்சித் தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை உ. வே. சாமிநாதையர் ஏற்று 1927 வரை இருந்தார். வடமொழிக் கல்வியும் இசைக்கல்வியும் அடுத்தடுத்து இடம்பெற்றன. 1923இல் சர் பட்டம் பெற்ற அண்ணாமலைச் செட்டியார், சென்னையிலும் தில்லியிலும் அரசியல் செல்வாக்குடையவராக இருந்தபோதும், தம் கல்விப்பணியின் களமாக மாகாணத் தலைநகரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தாம் பிறந்த செட்டிநாட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. சிதம்பரத்தையே தொடர்ந்து பற்றிநின்றார்.

இந்தியாவின் தொடக்ககாலப் பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவனவாகவே இருந்தன. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வகையினதே. 1917இல் அமைந்த சாட்லர் குழு, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் தங்கிக் கற்கும் ஒருமைப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. 1921இல் டாக்கா அவ்வாறு தொடங்கியது. இப்போக்கைச் சென்னை மாகாணத்தில் செயற்படுத்த அண்ணாமலைச் செட்டியார் முன்வந்தார். தம் கல்லூரிகளையும் 20 இலட்சம் ரூபாயையும் அரசிடம் ஒப்படைக்க இசைந்தார். 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் 1929 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. எசு. இ. அரங்கநாதன் முதல் துணைவேந்தரானார். அதே 1929இல் அண்ணாமலைச் செட்டியார்க்கு இராசா என்னும் மரபுரிமைப் பட்டம் வழங்கப்பட்டது. மக்கள் வழக்கில் அவர் அண்ணாமலை அரசர் ஆனார்.

சட்டத்தில் உறைவிடம் என்னும் சொல் இடம்பெற்றதும் கொடையின் இயல்பு மாறியது. கல்லூரிக்கு வகுப்பறைகள் போதும். உறைவிடப் பல்கலைக்கழகத்திற்குக் குடிநீர், கழிவுநீர் வடிகால், சமையற்கூடம், மருத்துவமனை, அஞ்சலகம், கடைத்தெரு, ஆசிரியர் குடும்பங்களுக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, இரவில் விளக்கு ஆகிய அனைத்தும் வேண்டும். ஓர் ஊருக்கு வேண்டியவை எவையோ அவை அனைத்தும் வேண்டும். அண்ணாமலை அரசர் கொடுத்தது கல்விக்கொடை எனினும், அதனால் கட்டப்பட்டது ஓர் ஊர்.

இடத்தேர்வு: திருவேட்களம்

புதிய ஊர் எழுந்த இடம் சிதம்பரம் இருப்புப்பாதைக்குக் கிழக்கே உள்ள திருவேட்களத்துப் பகுதி. திருவேட்களம் பாடல்பெற்ற தலம். தில்லையில் தங்குதல் தகாது எனக் கருதிய திருஞானசம்பந்தர் திருவேட்களத்தில் தங்கி, அங்கிருந்து தில்லைக்குச் சென்று வழிபட்டார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. தில்லைக்கு அணித்தாயும் தில்லையின் புறத்தாயும் அமைந்த உறைவிடம் என்பது அவ்விடத்தின் பழமையான பொருள். அண்ணாமலை அரசர் இவ்வொப்புமையை எண்ணி இடம் தேர்ந்தார் எனக் கூறுதற்குச் சான்று வேண்டும். ஆயின் சைவப் பற்றுடைய ஒருவர் இச்செய்தியை அறியாதிருந்திருக்க மாட்டார்.

நடைமுறை நோக்கிலும் இத்தேர்வு பொருந்தியது. தேர்வீதிகளை ஒட்டிய நெருக்கமான தெருக்களில் விடுதிகளை எழுப்பியிருந்தால் பழைய நகரின் நீரும் வடிகாலும் தாங்கா. பன்னூறு இளைஞர் ஒரே நேரத்தில் வந்து தங்குவது கோயில் நகரின் வாழ்க்கை ஒழுங்கையும் பாதித்திருக்கும். நெடுந்தொலைவில் அமைத்திருந்தாலோ கடைக்கும் கோயிலுக்கும் தொடர்வண்டிக்கும் தொடர்பு அற்றுப் போயிருக்கும். இருப்புப்பாதைக்கு அப்பால், நடந்து செல்லும் தொலைவில் அமைந்தமையால் புதிய ஊர் பழைய நகரை நெருக்காமல் அதனோடு ஒட்டி வாழ முடிந்தது. தொடர்வண்டி நிலையம் இரண்டு பகுதிகளுக்கும் பொதுவாயிற்று. புகாரின் இரு பாக்கங்களுக்கிடையே நாளங்காடி ஆற்றிய பணியை இங்கு நிலையமும் அதனைச் சூழ்ந்த கடைகளும் ஆற்றின.

நெருக்கமான நகருக்கு நெருக்கத்தினுள்ளேயே தீர்வு தேடாமல், அடுத்துள்ள நிலத்தை முன்கூட்டியே திரட்டித் திட்டமிட்டு விரித்தலே இத்தேர்வின் உட்பொருள். தேவை எழுந்தபின் துண்டு துண்டாக நிலம் வாங்கும் வழக்கத்திற்கு இது மாறானது. பின்னாளில் பொறியியல் முதலிய துறைகள் தோன்றியபோதும் ஊரைக் கலைக்காமல் இடமளிக்க முடிந்தமைக்கு முன்னே திரட்டிய நிலமே காரணம்.

உறைவாரும் உறைவிடமும்

ஓர் ஊரின் தகுதி அங்கு யார் தங்க விரும்பினர் என்பதால் அறியப்படும். ஈழத்து விபுலானந்த அடிகள் 1931இல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவருக்குப்பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் 1933 முதல் 1938 வரை தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1934 முதல் 1946 வரை பணியாற்றினார். தமிழாய்வில் முன்னின்ற இப்பேராசிரியர்கள் ஒரே ஊரில் அண்டை அயலாராக வாழும் நிலை ஏற்பட்டது. மாலைநேர உலாவும் திண்ணை உரையாடலும் வகுப்பின் தொடர்ச்சியாயின. இசைக்கல்லூரியில் டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை போன்றோர் பயிற்றினர். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த வ. சீ. சீனிவாச சாஸ்திரியின் பெயர் இன்றும் பல்கலைக்கழகப் பேரவை மண்டபத்திற்கு வழங்குகிறது.

ஆசிரியர் வீடுகளும் மாணவர் விடுதிகளும் வகுப்புக் கட்டடங்களும் ஒன்றுக்கொன்று நடைதொலைவில் இருந்தமை இங்கு அடிப்படையானது. வீட்டிற்கும் தொழிலிடத்திற்கும் இடையிலுள்ள வழி நிழலுடையதாகவும் அச்சமற்றதாகவும் இருத்தலே குடியிருப்பின் அழகுக்கும் பாதுகாப்புக்கும் முதற்படி. இரவு எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள தெரு, தனிக்காவல் இன்றியே காவலுடையதாகிறது. அண்ணாமலைநகரின் சாலைகளில் மாணவரும் ஆசிரியரும் பணியாளரும் கலந்து நடந்தனர். அகன்ற சாலையும் ஓங்கிய மரமும் திறந்த திடலும் காட்சிக்கு இனியனவாக இருந்ததோடு, காற்றோட்டத்திற்கும் மழைநீர் நிலத்துள் இறங்குவதற்கும் இடந்தந்தன. அழகும் காப்பும் தனித்தனிச் செலவினங்களாக அங்கு அமையவில்லை.

நீரும் நிலமும்

இப்பகுதியின் நிலம் ஆறுகள் கொணர்ந்த களிமண் கலந்த வண்டல். கோடையில் வெடித்தும் மழையில் ஊறியும் அசையும் இம்மண்ணில் கட்டடத்தின் அடித்தளம் தனிக்கவனம் வேண்டுவது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபின், வடவாற்று வழியே வீராணத்திற்கும் பிற வாய்க்கால்கள் வழியே சிதம்பரம் வட்டத்து வயல்களுக்கும் நீர் ஒழுங்காகப் பாய்ந்தது. பாய்ந்த நீர் வடிந்து கடல் சேர வேண்டும். பாசிமுத்தான் ஓடை, தில்லையம்மன் ஓடை, கான்சாகிப் வாய்க்கால் முதலியன இப்பகுதியின் நீர்வழிகள். கிழக்கே செல்லுந்தோறும் நிலச்சரிவு குறைந்து, கடல் ஏற்றம் மிகும் நாளில் வடிகாலின் ஓட்டமும் தளர்கிறது.

இத்தகைய நிலத்தில் ஒரு வயலை மேடாக்கி வீடு கட்டினால், அவ்வயல் முன்பு தாங்கிய நீர் அடுத்த வயலையோ அடுத்த தெருவையோ சேரும். ஒருவர் தம் மனையை மட்டும் உயர்த்துவது தம் நீரைப் பிறர்க்குத் தள்ளுவதாகும். பெரும்பரப்பை ஒரே கையில் வைத்து, கட்டுமிடம் இது, திறந்து கிடக்குமிடம் இது, நீர் செல்லும் வழி இது எனப் பிரித்தாலன்றி இதற்குத் தீர்வில்லை. அண்ணாமலைநகரின் நிலம் ஒரே உரிமையில் இருந்தமையால் அப்பிரிப்பு இயன்றது. செட்டிநாட்டில் ஊருணிக்கும் அதன் வரத்துக்காலுக்கும் ஊர்ப்பொதுவில் இருந்த காப்பை, இங்குப் பல்கலைக்கழகத்தின் நிலவுரிமை அளித்தது. வறண்ட செட்டிநாட்டில் நீரைச் சேர்த்தல் குறிக்கோள். வெள்ளம் சூழும் சிதம்பரத்தில் நீரை விடுத்தல் குறிக்கோள். நீரின் வழியை அறிந்தபின் வீடமைத்தல் என்னும் நெறி இரண்டிற்கும் ஒன்றே.

எல்லைக்கு வெளியே

திட்டமிட்ட ஊரின் சிறப்பைக் கூறும்போது அதன் எல்லைக்கு வெளியே வாழ்ந்தோரையும் கூறுதல் வேண்டும். திருவேட்களம் வெற்றிடமாக இருந்த நிலம் அன்று. அங்கே மக்கள் வாழ்ந்தனர். விபுலானந்த அடிகள் பேராசிரியராக இருந்த காலத்தில், அருகிலிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியமை அவர் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெறும் செய்தி. பெருங்கல்விக்கூடத்தின் அணிமையிலேயே எழுத்தறியாப் பிள்ளைகள் இருந்தனர் என்பதையும் அச்செய்தி உணர்த்துகிறது.

அதே சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் 1916இலேயே நந்தனார் பெயரால் கல்விக்கழகம் அமைத்து, ஒடுக்கப்பட்ட மாணவர்க்குப் பள்ளியும் தங்குமிடமும் உண்டாக்கியிருந்தார். ஓமக்குளத்தை அடுத்த அவ்விடம் பெருஞ்செல்வத்தின் துணையின்றி எழுந்த உறைவிடக் கல்விக்கூடம். தங்க இடமின்மையே பலர்க்குக் கல்வியின்மைக்குக் காரணம் என்பதை அவர் அண்ணாமலை அரசர்க்கு முன்பே உணர்ந்திருந்தார். ஒரே நகரின் இரு முனைகளில் எழுந்த இவ்விரு முயற்சிகளையும் ஒருசேரக் கற்றாலன்றிச் சிதம்பரத்தின் உறைவிட வரலாறு முழுமை பெறாது. எவர்க்குப் பாதுகாப்பு, எவர்க்கு அழகு என்னும் வினா எந்தக் குடியிருப்புத் திட்டத்தையும் விட்டு நீங்குவதில்லை.

பிற்கால வாழ்வு

1930களின் உலகப் பொருளாதார மந்தம் நகரத்தாரின் தொழிலைத் தாக்கியது. 1942இல் பர்மா சப்பானியர் வசமானபோது, அங்கு நிலத்திலும் கடனிலும் முடங்கிய பெரும்பொருளை நகரத்தார் பலர் இழந்தனர். தலைமுறைகளின் செல்வம் சில மாதங்களில் எட்டாப் பொருளாயிற்று. இப்பின்னணியில் 1929இன் ஒப்படைப்பை நோக்கும்போது அதன் பெருமை விளங்கும். தனியுடைமையாக நின்றவற்றுள் பல காலத்தால் கைமாறின; பொதுவுக்கு மாற்றப்பட்டது ஊராக நிலைத்தது.

இக்காலத்தில் அண்ணாமலை அரசரின் கவனம் தமிழிசைப் பக்கம் மிகுந்தது. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. சென்னை நகரில் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதி இன்று அவர் பெயரால் இராசா அண்ணாமலைபுரம் என வழங்குகிறது. அவர் மகன் முத்தையா செட்டியார் 1933இல் சென்னை மாநகரின் மேயர் பொறுப்பை வகித்தார். தந்தை ஓர் ஊரை உண்டாக்க, மகன் ஒரு மாநகரின் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தார்.

1948 சூன் 15இல் அண்ணாமலை அரசர் மறைந்தார். பல்கலைக்கழகச் சட்டம் நிறுவுநர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் இணைவேந்தர் பொறுப்பை அளித்திருந்தமையால், குடும்பத்தின் மேற்பார்வை தொடர்ந்தது. இது ஊருக்கு நெடுங்காலம் ஒரே நோக்கைத் தந்தது. அதே வேளையில் ஒரு குடும்பத்தின் ஆற்றலையும் நிலையையும் ஊர் சார்ந்திருக்கும்படியும் செய்தது. 2013இல் தமிழ்நாடு அரசு புதிய சட்டத்தின் வழிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது. கொடையாளர் உண்டாக்கும் ஊர், கொடையாளர்க்குப்பின் யாரால் பேணப்படும் என்ற வினாவுக்கு அண்ணாமலைநகரின் வரலாறே ஒரு பாடம். இன்று அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சியாகவும் விளங்குகிறது.

முடிவுரை

அண்ணாமலை அரசரின் வாழ்வை ஊராக்க நோக்கில் காணும்போது பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. உறைவிடத்தைக் கல்வியின் துணைப்பொருளாகக் கருதாமல் அதன் உறுப்பாகக் கொண்டமையே அவர் பணியின் தனித்தன்மை. பழைய நகரைச் சிதைக்காமலும் அதனை விட்டு அகலாமலும் புதிய குடியிருப்பை அமைத்தமை, கோயில் நகர் விரிவுக்கு ஏற்ற வழியாயிற்று. நிலம் முன்கூட்டியே ஒருங்கு திரட்டப்பட்டமையால் நீர்வழிக்கும் திறந்தவெளிக்கும் இடம் ஒதுக்க இயன்றது. பேணும் பொறுப்பு நிறுவனத்திடம் அமைந்ததால் ஊர் தோற்றுவித்தவரின் ஆயுளையும் கடந்து நின்றது.

தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டுக் கடலூர் மாவட்டம் தோன்றியது. அதன்பின் அம்மாவட்டம் 2004இல் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது. இம்மாவட்டத்தில் குடியிருப்பைத் திட்டமிடுவது உயிரைக் காக்கும் செயல் என்பதை இம்மூன்றும் உணர்த்தின. வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறும்போது ஒவ்வொரு மனையும் தனித்து விற்கப்படுகிறது. வாய்க்காலோ யாருடைய மனையிலும் சேராமல் யாராலும் பேணப்படாமல் போகிறது. அண்ணாமலை அரசரைப் போன்ற கொடையாளரை ஒவ்வோர் ஊரும் பெற இயலாது. ஆயின் அவர் தம் பொருளால் செய்ததை உள்ளாட்சியும் நகரமைப்புத் துறையும் சட்டத்தால் செய்ய இயலும். நீரின் வழியை முதலிலும் தெருவை அடுத்தும் வீட்டை இறுதியிலும் வரையும் முறை, திருவேட்களத்துக் குடியிருப்புகள் வரை சென்று சேருமாயின், அண்ணாமலைநகர் தொடங்கிவைத்த பணி நிறைவு பெறும்.